மரவள்ளியும் மரமுரசும்: போரா மக்களின் அன்றாட வாழ்வு

போரா மக்களின் மரபு வாழ்க்கையை எழுதி வைத்தவர்களில் சிலர் அந்த வாழ்க்கை சிதைக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் போனவர்கள். பலர் அது சிதைந்து முடிந்த பிறகு போனவர்கள். அமேசான் காட்டின் வடமேற்கு மூலையில் வாழும் இந்தச் சிறிய இனத்தைப் பற்றி இருநூறு ஆண்டுகளில் சேர்ந்திருக்கும் எழுத்து கணிசமானதுதான். ஆனால் யார், எப்போது, யாருடைய துணையோடு போய் எழுதினார் என்று பார்க்காமல் படித்தால் ஏமாந்துபோவோம்.

கொலம்பியாவில் கக்கெத்தா என்றும் பிரேசிலுக்குள் நுழைந்ததும் ஜப்புரா என்றும் பெயர் மாறும் ஆறு வடக்கே. புத்துமாயோ ஆறு தெற்கே. இவ்விரண்டுக்கும் நடுவில் இகரபரனா, கவினரி என்ற கிளையாறுகள் ஓடும் காடுதான் போராக்களின் பூர்விகம். இன்று பெருவின் அம்பியாக்கு ஆற்றுப்படுகையிலும் கொலம்பியாவிலும் வாழ்பவர்கள் எல்லாரையும் சேர்த்தாலும் சில ஆயிரம் பேர்தான் தேறுவார்கள். பக்கத்தில் வாழும் மிராஞா மக்கள் பேசுவது போரா மொழியின் இன்னொரு வழக்கு. முய்நானே மொழி நெருங்கிய சொந்தம். இவர்களோடு உயித்தோத்தோ, ஒக்காய்னா, அந்தோக்கே, நொனுயா, ரெசிகரோ மக்களும் சேர்ந்து தங்களை ‘நடுவின் மக்கள்’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். மொழிகள் வேறு வேறு. கோகா, புகையிலை, மரவள்ளி, விழாமுறை ஆகியவை பொது. ஆகவே கீழே வருபவற்றில் பல போராக்களுக்கு மட்டுமே உரியவை அல்ல.

முதல் விரிவான பதிவு மிராஞாக்களைப் பற்றியது. பவேரிய அரசர் அனுப்பிய தாவரவியலாளர் மார்த்தியுஸ் 1820ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஜப்புரா ஆற்றில் ஏறிவந்து அவர்களோடு தங்கினார். அவர்களுடைய முகமூடிகளையும் மரமுரசையும் விவரித்தார். போர்க்கைதிகளைப் பிடித்து வெள்ளையரிடம் அடிமைகளாக விற்கும் வழக்கம் அப்போதே வேரூன்றியிருந்தது, அதையும் எழுதினார். திரும்பும்போது ஒரு மிராஞாச் சிறுமியை மியூனிக் நகருக்குக் கொண்டுபோனார். அங்கே அவளுக்கு இசபெல்லா என்று பெயரிட்டார்கள். 1822இல் அவள் இறந்துபோனாள். வெளியுலகத்தின் தொடுகைக்கு முந்தைய தூய மரபு என்று யாராவது பேசினால், 1820லேயே அது தூய்மையாக இல்லை என்பதற்கு இந்தக் குழந்தை ஒருத்தியே சாட்சி.

அடுத்த அலை ரப்பர் காலத்தில் வந்தது. பிரெஞ்சுக்காரர் யூஜின் ரொபுஷோன், ரப்பர் முதலாளி அரானாவின் கூலியில் நிழற்படங்கள் எடுத்தார்; 1906இல் காட்டில் காணாமல் போனார். அவரைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு 1908இல் வந்தார் ஆங்கிலேயக் குதிரைப்படை அதிகாரி தாமஸ் விஃபன். 1915இல் அவர் வெளியிட்ட ‘வடமேற்கு அமேசான்கள்’ என்ற நூல்தான் பழைய போரா வாழ்க்கை பற்றி அதிகம் மேற்கோள் காட்டப்படும் நூல். வீடு, உணவு, உடல்வண்ணம், நடனம் எல்லாவற்றையும் கூர்ந்து பார்த்திருக்கிறார். ஆனால் நூலின் துணைத்தலைப்பே இவர்களை நரமாமிசம் தின்பவர்கள் என்று முத்திரை குத்துகிறது. அவருக்கு வழிகாட்டியாக வந்த ஜான் பிரவுன் முன்பு அரானாவிடம் வேலை பார்த்தவர். விஃபன் நடந்த அதே காட்டில் அதே மாதங்களில் அரானாவின் ஆட்கள் செய்த கொலைகளுக்கு நூலில் கிடைத்த இடமோ மிகக் குறைவு. அவருடைய கண்ணை நம்பலாம். தீர்ப்பை நம்ப வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

இந்த ஆண்கள் எல்லாரும் போய் உட்கார்ந்தது ஆண்களின் பக்கத்தில். இரவில் கோகா மெல்லும் இடம், முரசு தொங்கும் மூலை, நடனத் திடல், போர்க் கதை ஆகியவை பக்கம் பக்கமாகக் கிடைக்கின்றன. பகல் முழுவதும் புனத்திலும் அடுப்படியிலும் நடந்தது ஓரிரு பத்திகளில் முடிந்துவிடுகிறது. பிரெஞ்சு மானிடவியலாளர் மிரேய் கியோ போன்ற பெண் ஆய்வாளர்கள் போராக்களிடம் வந்தது 1970களை ஒட்டித்தான். ஆனால் இந்த இனத்தை நூற்றாண்டுப் பேரழிவுக்குப் பிறகும் உயிரோடு வைத்திருந்தது புனமும் அடுப்படியும்தான். அதனால் கட்டுரை அங்கிருந்து தொடங்குவதே நியாயம்.

மரவள்ளி நமக்கும் தெரிந்த கிழங்கு; தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. நாம் அவித்துத் தின்பது இனிப்பு வகை. போராக்கள் இனிப்பு வகையையும் நடுகிறார்கள், கசப்பு வகையையும் நடுகிறார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ரகங்களைப் பெயர் சொல்லிப் பிரிக்கிறார்கள். கசப்பு ரகத்தைப் பச்சையாகத் தின்றால் உடம்புக்குள் சயனைடு உருவாகும், ஆளையே கொல்லும். ஆனாலும் அதை விடாமல் பயிரிடக் காரணம் உண்டு. சத்தில்லாத மண்ணிலும் அது விளையும். பூச்சியும் விலங்கும் எளிதில் அண்டாது. மாவாகவும் ரொட்டியாகவும் ஆக்கிவிட்டால் நாள்பட இருக்கும். நஞ்சை எடுக்கத் தெரிந்தவருக்கு அந்த நஞ்சே வேலி.

நஞ்சை எடுப்பது பெண்களின் வேலை. கிழங்கைப் பிடுங்கி முதுகுக் கூடையில் சுமந்து வருகிறார்கள். கூடையின் வார் நெற்றியில் மாட்டியிருக்கும். தோலுரித்துக் கழுவித் துருவுகிறார்கள். துருவலை நாரால் பின்னிய பிழிகருவியில் இட்டு முறுக்கிப் பிழிந்தால், நஞ்சு கலந்த சாறு கீழே உள்ள கலத்தில் வடியும். சாற்றைக் கொஞ்ச நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெண்மையான மாவுச்சத்து படியும். பிழிந்த சக்கையை உதிர்த்துச் சலித்து, சூடான ஓட்டில் எண்ணெய் இல்லாமல் பரப்பி, இரு பக்கமும் வேகவைத்தால் அகலமான ரொட்டி கிடைக்கும். மீந்த நஞ்சு சூட்டில் ஆவியாகிவிடும். மாவுச்சத்தைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் ஜவ்வரிசிக் கஞ்சி போலக் கொழகொழவென்று வரும். அதன் பெயர் ககுவானா. அன்னாசி, பிஹுவாயோ, உமரி என்று பருவத்துக்கேற்ற பழம் எதையாவது அதில் கலப்பார்கள். அக்கம்பக்கத்து அமேசான் இனங்கள் பல மரவள்ளியை மென்று துப்பிப் புளிக்கவைத்துக் கள் ஆக்குகின்றன. நடுவின் மக்கள் புளிக்கவைப்பதில்லை. இவர்களுடைய பெருவிழாக்களில்கூட மது கிடையாது.

பிழிந்தெடுத்த சாற்றையும் கொட்டிவிடுவதில்லை. மணிக்கணக்கில் கொதிக்கவிட்டால் நஞ்சு போய், சாறு சுண்டிக் கருத்துக் கெட்டியாகும். மிளகாய் சேர்த்தால் கறுப்புக் குழம்பு தயார். மீனுக்கும் இறைச்சிக்கும் தொட்டுக்கொள்ள இதைவிட நல்லது இல்லை என்பது அந்த ஊரார் கட்சி. ‘அஹி நெக்ரோ’ என்ற ஸ்பானியப் பெயரில் இன்று இக்கித்தோஸ் நகரத்துச் சமையலிலும் இது இடம்பிடித்துவிட்டது. ஒரே கிழங்கிலிருந்து ரொட்டி, மாவு, பானம், குழம்பு என்று நான்கு பொருள் எடுத்து, கொல்லும் சாற்றையே சுவையாக மாற்றும் இந்த வரிசையை வேதியியல் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

அடுத்தது புனம். காட்டை வெட்டி, காயவிட்டு, எரித்து, சாம்பல் மண்ணில் நடும் முறையைக் காடழிப்பு என்று திட்டுவதுதான் நெடுங்காலம் அரசுகளின் வழக்கமாக இருந்தது. இரண்டு மூன்று ஆண்டு விளைச்சல் எடுத்துவிட்டு நிலத்தைக் கைவிட்டு நகர்ந்துபோகிறார்கள் என்பது பாடப்புத்தகச் சித்திரம். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கப் புவியியலாளர் வில்லியம் டெனவன், கிறிஸ்டீன் பாடோக், ஜானிஸ் ஆல்கார்ன் உள்ளிட்ட குழு ஒன்று போரா ஊரான பிரியோ நுவேவோவில் இதைச் சோதித்துப் பார்த்தது. அம்பியாக்கு ஆற்றில் கலக்கும் யாகுவாசியாக்கு ஆற்றின் கரையில் இருக்கிறது அந்த ஊர். வெவ்வேறு வயதுள்ள புனங்களை ஒவ்வொன்றாக நடந்து அளந்து, எந்தச் செடி எங்கே நிற்கிறது, யார் எதைப் பறிக்கிறார்கள் என்று பதிந்தார்கள். கைவிடப்பட்ட புனம் என்று ஒன்றே இல்லை என்பது தெரியவந்தது.

நடப்பது இதுதான். முதலிரு ஆண்டுகள் மரவள்ளி. அதன் ஊடே அன்னாசி, நிலக்கடலை, கோகா வரிசைகள். அதே சமயத்தில் பழமரக் கன்றுகளும் ஊன்றப்படுகின்றன: திராட்சைக் கொத்துப் போலக் காய்க்கும் உவிய்யா, பிஹுவாயோ பனை, உமரி, காய்மித்தோ, கொக்கோவின் உறவான மகம்போ, நெடுங்காய் தொங்கும் குவாபா. மரவள்ளி குறையக் குறைய மரங்கள் தலையெடுக்கும். களையெடுப்பும் குறைந்து, காடு ஓரங்களிலிருந்து உள்ளே நுழையும். நான்காம் ஆண்டுக்கும் பன்னிரண்டாம் ஆண்டுக்கும் இடையில் பார்த்தால் அது ஒரு பழத்தோட்டம். அதன் பிறகும் இருபது முப்பது ஆண்டுகள் வரை ஏதோ ஒன்றைப் பறிக்க ஆள் போய்வந்துகொண்டே இருக்கும். அத்தனை ஆண்டு கழித்துத்தான் மறுபடி வெட்டி எரிப்பார்கள். பழம் தின்ன வரும் விலங்கை வேட்டையாடவும் அதுவே நல்ல இடம். வெளியாள் ‘கன்னிக்காடு’ என்று வியந்து படமெடுக்கும் இடத்தில் ஒரு பாட்டி தன் கையால் நட்ட உமரி மரம் நின்றிருக்கக்கூடும். காடு, தோட்டம் என்ற பிரிவினை வெளியார் போட்ட கோடு. அங்கே அது செல்லாது. வேளாண் காடுகள் பற்றிய இன்றைய பேச்சில் இந்த ஆய்வு அடிக்கடி மேற்கோளாவதற்குக் காரணமும் இதுவே.

வெட்டுவதும் எரிப்பதும் ஆண்கள். நடுவது, களைவது, அறுவடை ஆகியவை பெரும்பாலும் பெண்கள். கோகாவும் புகையிலையும் மட்டும் விதிவிலக்கு: அவை ஆண்களின் செடிகள்.

மாலையில் ஆண்கள் கோகா இலை பறித்து வருவார்கள். ஓட்டில் கருகாமல் வறுத்து உரலில் இடிப்பார்கள். அந்த உலக்கைச் சத்தம் கேட்டால் இன்றிரவு பேச்சு உண்டு என்று ஊருக்குத் தெரியும். செக்ரோப்பியா மரத்தின் உதிர்ந்த இலைகளை எரித்த சாம்பலை அதனுடன் கலந்து, துணிப்பையில் கட்டி, குழாய் போன்ற கலத்துக்குள் தட்டித் தட்டிச் சலிப்பார்கள். முகப்பவுடர் போன்ற பச்சைத் தூள் இறங்கும். கரண்டியால் எடுத்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டால் பசியும் தூக்கமும் தள்ளிப்போகும். புகையிலையை இவர்கள் புகைப்பதைவிட நக்குவதே முறை: இலையைக் கொதிக்கவைத்துச் சுண்டிய கரும்பாகில், செடிகளை எரித்த சாம்பலிலிருந்து வடித்த உப்பைக் கலந்து, விரல்நுனியால் தொட்டு நாக்கில் வைப்பார்கள். கோகா என்றதும் போதைப்பொருள் நினைவு வருவது நம் காலத்தின் பழக்கதோஷம். இந்தப் பச்சைத் தூளுக்கும் ஆய்வகத்தில் பிரித்தெடுக்கும் கோக்கைனுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது.

அந்த இரவுக் கூட்டத்தில் நாளைய வேலை பேசப்படும். யாருக்கு உடம்பு சரியில்லை, எதனால் என்பது அலசப்படும். பழைய கதைகள் வரும். மகன் தகப்பனிடம் பாடம் கேட்பதும் அங்கேயே. பெண்கள் அந்த வட்டத்தில் உட்காருவதில்லை. ஆனால் கூப்பிடு தூரத்தில்தான் தூளியில் படுத்திருப்பார்கள். ஒரே கூரைக்குள் நடக்கும் பேச்சு அவர்கள் காதில் விழாமல் எப்படிப் போகும்? இதை எத்தனை ஆய்வாளர் கவனித்தார்களோ, எனக்குச் சந்தேகம்தான்.

அந்தக் கூரையின் பெயர் மலோக்கா. பழைய முறையில் ஊர் என்பதே ஒரு வீடு. ஒரு குலத்தலைவரும் அவருடைய மகன்கள், தம்பிகள், அவர்களுடைய குடும்பங்கள், அண்டி வந்தவர்கள் எல்லாரும் ஒரே பெரிய கூரையின் கீழ். குலம் தகப்பன் வழி. குலப்பெயர்கள் விலங்கு, செடி ஆகியவற்றின் பெயர்கள். பெண் எடுப்பது வேறு குலத்தில். நடுவில் நான்கு பெருந்தூண்கள் எழும்பும். அவற்றிலிருந்து இறங்கும் கூரை ஏறக்குறைய தரையைத் தொடும். இரபாய் என்னும் குட்டைப் பனையின் ஓலையை நீளச் சட்டங்களில் நெருக்கமாகப் பின்னி அடுக்கடுக்காக வேய்ந்தால் பல ஆண்டு தாங்கும். ஓரங்களில் குடும்பத்துக்கு ஓர் அடுப்பு, அதைச் சுற்றித் தூளிகள். நடுவிடம் நடனத்துக்கு. சன்னல் இல்லாததால் உள்ளே இருட்டும் புகையும். அந்தப் புகை ஓலையைப் பூச்சி அரிக்காமல் காக்கும். கியோ 1972இல் போரா, மிராஞா வீட்டைப் பற்றி மட்டுமே தனிக்கட்டுரை எழுதியிருக்கிறார்.

வேட்டையையும் மீன்பிடியையும் சுருக்கமாகவே சொல்லலாம்; அமேசான் முழுவதற்கும் அது ஏறக்குறைய ஒரே கதை. காட்டுப்பன்றி, தப்பீர், குரங்கு, மஹாஸ் என்னும் பெரிய கொறிவிலங்கு ஆகியவை இலக்கு. நஞ்சு தோய்த்த ஊதுகுழல் அம்புகள் முன்பு, துப்பாக்கி இப்போது. பர்பாஸ்கோ வேரை நசுக்கி ஓடையில் கலந்தால் மீன் மயங்கி மிதக்கும். ஊரே இறங்கி அள்ளும் நாள் அது.

மங்குவாரே என்னும் மரமுரசு மட்டும் நின்று பார்க்க வேண்டியது. மலோக்காவுக்குள் இரண்டு முரசுகள் ஜோடியாக இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள ஒரே மரத்துண்டு, தோல் கிடையாது. மரத்தில் குறுகிய பிளவு வெட்டி, நெருப்பால் சுட்டுச் சுட்டு உள்ளே குடைகிறார்கள். பிளவின் இரு பக்கச் சுவரும் வெவ்வேறு கனம். ஆகவே ஒரு முரசுக்கு இரண்டு சுருதி. ஒன்று ஆண் முரசு, மற்றது பெண் முரசு. ரப்பர் சுற்றிய தடிகளால் அடிக்கும் ஓசை 20 கிலோமீட்டர் வரை போகும் என்கிறார்கள்.

விழாவில் இசையாக வாசிப்பது ஒரு முறை. பேசுவதற்கு அடிப்பது வேறு முறை. அதில் இரண்டு சுருதிகளே பயன்படும். போரா மொழியில் ஒவ்வோர் அசைக்கும் ஏற்றமோ இறக்கமோ உண்டு. ஓர் அசைக்கு ஓர் அடி; ஏறும் அசைக்கு உயர்ந்த சுருதி, இறங்கும் அசைக்குத் தாழ்ந்தது. ஆனால் ஒரே ஏற்ற இறக்கம் உள்ள சொற்கள் ஏராளம். அவற்றை எப்படிப் பிரித்தறிகிறார்கள் என்ற கேள்விக்கு மொழியியலாளர் ஃபிராங்க் சைஃபர்ட்டும் அவருடைய கூட்டாளிகளும் 2018இல் வெளியிட்ட ஆய்வு விடை சொன்னது. அடிகளுக்கு நடுவே விடும் இடைவெளிகளில் நான்கு அளவுகள் இருக்கின்றன. உயிர் நெடிலா, இடையில் மெய் வருகிறதா, எத்தனை மெய் என்பதைப் பொறுத்து இடைவெளி மாறுகிறது. கேட்பவர் சுருதியோடு இந்தத் தாளத்தையும் சேர்த்தே சொல்லை அடையாளம் காண்கிறார். ஒரு செய்தி சராசரியாக 15 சொற்கள் வரும். இன்னாரே வா, இன்னதைக் கொண்டு வா என்பது போன்ற சாதாரண விஷயங்கள் பெரும்பாலும். ககுவானாவை யார் அதிகம் குடிப்பது என்ற போட்டியில் வென்றவர் பெயரையும் முரசு அறிவிக்கும். காட்டு முரசு என்றால் போர் அறைகூவல் என்று சினிமாவில் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கும்.

விழா என்பது பண்டமாற்று. விழா எடுப்பவர் சுண்டிய புகையிலையை அக்கம்பக்கத்து ஊர்களுக்கு அனுப்புவார். அதை நக்கிய ஊர் வர ஒப்புக்கொண்டதாகப் பொருள். வேட்டையாடி இறைச்சி கொண்டு வர வேண்டும், பாட்டும் கொண்டு வர வேண்டும். பதிலுக்கு வீட்டுக்காரர் கோகாத் தூளும் புகையிலையும் மரவள்ளி ரொட்டியும் ககுவானாவும் தருவார். பிஹுவாயோ பழுக்கும் பருவத்தில் முகமூடி விழா. எந்த விழாவை எடுக்கும் உரிமை எந்தக் குலத்துக்கு என்பது பரம்பரையாக வருவது. அத்தனை பேருக்கும் ரொட்டியும் பானமும் போதாவிட்டால் தலைவருக்கு அவமானம். ஆக, தலைவரின் கௌரவம் எத்தனை பெண்கள் எத்தனை வாரம் முன்பிருந்தே கிழங்கு துருவினார்கள் என்பதைப் பொறுத்தது. விழாப் பாடல்களைப் பதிந்த அளவுக்கு இந்தக் கணக்கை யாரும் பதியவில்லை.

இந்த உலகத்தை உடைத்தது ரப்பர். ஹூலியோ செசர் அரானாவின் நிறுவனம் புத்துமாயோக் காட்டை வளைத்தது. 1907இல் அது லண்டனில் பெருவிய அமேசான் கம்பெனி என்று பதிவானது. நிர்ணயித்த எடைக்கு ரப்பர் பால் கொண்டுவராதவர்களைச் சாட்டையால் அடித்தார்கள், பட்டினி போட்டார்கள், கொன்றார்கள். முதுகில் பதிந்த சாட்டைத் தழும்புக்கு ‘அரானாவின் முத்திரை’ என்றே பெயர். வால்டர் ஹார்டன்பர்க் என்ற அமெரிக்கப் பொறியாளர் கண்டதை 1909இல் லண்டன் வார இதழ் ஒன்று வெளியிட்டது. நிறுவனம் பிரிட்டனில் பதிவானது. அடியாட்களாக வேலைக்கு அமர்த்தப்பட்ட பார்படோஸ்காரர்கள் பிரிட்டிஷ் குடிமக்கள். ஆகவே அரசு 1910இல் தூதர் ரோஜர் கேஸ்மென்ட்டை அனுப்பியது. அவருடைய அறிக்கை 1912இல் அச்சானது. இறந்தவர்கள் பல்லாயிரம் பேர். காட்டெனரே என்ற போராத் தலைவர் துப்பாக்கி எடுத்துத் திருப்பித் தாக்கியதையும், அரானாவின் மைத்துனர் ஒருவர் 1908இல் அவர் கையால் செத்ததையும் கேஸ்மென்ட் கேட்டுப் பதிந்தார். காட்டெனரேயும் பின்னர் கொல்லப்பட்டார்.  1913இல் நிறுவனம் மூடப்பட்டது. அரானா தண்டனை எதுவும் பெறாமல் பின்னாளில் செனட்டராகி 1952 வரை வாழ்ந்தார்.

அமேசான் ரப்பர் சரிந்ததற்கு அறிக்கையைவிடப் பெரிய காரணம் ஆசியத் தோட்டங்கள். 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளின் கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் வந்தன. அங்கே தோட்டங்களாக வளர்ந்து, முதல் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில் அமேசானை விலையில் வீழ்த்தின. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்கள் பெருமளவில் நம் தமிழ்த் தொழிலாளர்கள். போரா முதுகும் தமிழ் முதுகும் ஒரே சந்தைக்காக வளைந்தன. இரண்டு தரப்புக்கும் மற்றவரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

சரிவுக்குப் பிறகும் விடுதலை இல்லை. 1922இல் கையெழுத்தாகி 1928இல் உறுதியான ஒப்பந்தத்தால் புத்துமாயோவின் வடகரை கொலம்பியாவுக்குப் போனது. தொழிலாளர்களை இழக்க மனமில்லாத அரானாவின் பழைய மேலாளர்களான லோவாய்சா சகோதரர்கள், எஞ்சிய போரா, உயித்தோத்தோ, ஒக்காய்னா குடும்பங்களைப் பெரு எல்லைக்குள் ஓட்டிவந்தார்கள். 1930களில் அம்பியாக்குக் கரையில் குடியேற்றினார்கள். வழியிலும் வந்த பிறகும் தொற்றுநோய்களில் பலர் மடிந்தார்கள். டெனவன் குழு அளந்த பிரியோ நுவேவோ இப்படி உருவான ஊர்களில் ஒன்று. தாய்க்காட்டை இழந்தவர்களின் புனத்தில்தான் அந்த நுட்பமெல்லாம் கண்டறியப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. மலோக்காக்கள் எரிந்தன. தலைவர்கள் இறந்தார்கள். விழா உரிமைகள் வாரிசின்றிப் போயின. மரவள்ளிக்கு மட்டும் ஒரு முழத் தண்டு போதும், ஊன்றினால் துளிர்க்கும். ரகங்களைப் பிரித்தறியும் கண்ணும் பிழியத் தெரிந்த கையும் இருந்ததால் புது மண்ணிலும் சோறு கிடைத்தது.

இப்போதைய நிலை கலவையானது. ஊர் என்றால் தனித்தனி வீடுகள், பள்ளி, பந்துத் திடல். மலோக்கா கூட்டத்துக்கும் விழாவுக்கும். பெருவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் பூர்வகுடி ஊர்களுக்கு நிலப்பட்டா தர வழிசெய்தது. 2010இல் அம்பியாக்கு–அபயாக்கு படுகைகளில் சுமார் 4.34 லட்சம் ஹெக்டேர் காடு வட்டாரப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஆனாலும் கள்ளத்தனமாக மரம் வெட்டுவது நிற்கவில்லை. கொலம்பியப் பக்கத்தில், அரானாவின் லா சொர்ரேரா நிலையம் இருந்த கட்டடம் பள்ளியாக மாறியது. 2012 அக்டோபர் 12 அன்று கொலம்பிய அதிபர் சாந்தோஸ் ரப்பர் காலக் கொலைகளுக்காக அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

இக்கித்தோஸ் நகரத்துக்கு அருகே சான் அந்திரேஸ் என்ற ஊரில் சுற்றுலாப் படகுகள் வந்து நிற்கும். மரவுரிப் பாவாடை கட்டிய போராக்கள் ஆடிக் காட்டிவிட்டுக் கைவினைப் பொருள் விற்பார்கள். இதைப் போலி என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. நூறாண்டுக்கு முந்தைய படங்களில் பெண்கள் மேல் ஆடையைவிட வண்ணக் கோலங்களே தெரிகின்றன என்பது உண்மை. மரவுரிப் பாவாடை பார்வையாளர் கண்ணுக்காக வந்தது. ஆனால் மரவுரியை உரித்து அடித்துத் துணியாக்கும் கலை பழையது. அந்தத் துணியின் மேல் இயற்கைச் சாயங்களால் ஓவியம் தீட்டி லீமா வரை பெயர் பெற்ற விக்தோர் சுராய், புகாவுர்க்கியோ என்ற ஊரின் போரா இளைஞராக இருந்தவர். சம்பிரா பனையின் குருத்தோலையைக் கிழித்து, அலசி, காயவைத்து, தொடையில் உருட்டித் திரித்த நூலில் பெண்கள் பைகளும் தூளிகளும் பின்னி விற்கிறார்கள். படகுக்காரருக்கும் இடைத்தரகருக்கும் போக மிஞ்சுவது சொற்பம். இருந்தாலும் பள்ளிக் கட்டணமும் மருந்தும் அதில் வருகின்றன. வயிற்றுப்பாட்டுக்காக ஆடுபவரிடம் தூய்மை கேட்பது நாகரிகம் இல்லை.

மொழி பற்றிய வேலை நன்றாகவே நடந்திருக்கிறது. 1952இல் வந்து பல பத்தாண்டுகள் தங்கிய மொழியியலாளர் வெஸ்லி தீசன் தன் மனைவியோடு சேர்ந்து 1998இல் போரா–ஸ்பானிய அகராதியை வெளியிட்டார். டேவிட் வெபருடன் எழுதிய விரிவான இலக்கணம் 2012இல் வந்தது. முரசுச் செய்திகள் ஒலிப்பதிவாக இருக்கின்றன. குறை வேறிடத்தில். எந்த ரகத்தை எந்தச் சரிவில் நடுவது, எவ்வளவு நேரம் பிழிவது, எந்த மரத்தைப் புனத்தில் விட்டுவைப்பது என்ற அறிவு ஒரு பெண்ணின் வாயால், முதல் நபரில், போரா மொழியிலேயே நூலாக வர வேண்டும். இரவுப் பேச்சைப் பதிவு செய்ய இத்தனை பேர் கடல் கடந்து போனார்கள். அடுத்து நிதி ஒதுக்குபவர்கள் ஒலிப்பதிவுக் கருவியைப் போரா பெண்களிடமே கொடுத்து, எழுதும் கூலியையும் அவர்களுக்கே தர வேண்டும்.